பதிவு எண் 213

எங்கள் சபை சின்னது.
அரியாலையில், புகையிலைத் தோட்டத்துக்கும்
ரயில் பாதைக்கும் நடுவில்.
தரங்கம்பாடித் தோணியில் உப்பு ஏற்ற வந்த ஒருவர்
செபம் சொல்லிவிட்டுப் போனாராம். எழுத்தில் இல்லை.
எழுத்தில் இருப்பது இந்தப் பதிவேடு,
கறையான் தின்றது போக.

பெயர். பெற்றோர். இடம். கொடுத்தவர்.
இடம் எல்லாருக்கும் ஆலயம்.
213க்கு மட்டும் நாவற்குழிப் பாலம்.
கொடுத்தவர்: செ. நேசரத்தினம், காசாளர்.

தொண்ணூற்றைந்து ஐப்பசி.
பாலத்தில் சனம் அசையவில்லை.
எட்டு நாள் பிள்ளை, மூச்சு இழுக்கிறது.
ஐயர் முன்னுக்கோ பின்னுக்கோ தெரியாது.
நேசரத்தினம் குடையைக் கவிழ்த்து மழையை ஏந்தினார்.
காணிக்கை எண்ணும் கை.
ஒருமுறை எழுபது ரூபா கணக்கில் இடித்த
அதே கை.

சாவகச்சேரிப் பள்ளிக்கூடத்தில் முணுமுணுத்தார்கள்:
இது செல்லுமோ? திரும்பக் கொடுக்கவேணுமோ?

ஐயர் சாரத்தைப் பிழிந்துகொண்டே கேட்டார்:
"தண்ணி இருந்ததோ?"
"சரியான மழை, ஐயா."
"பிதா, குமாரன், ஆவி, சொன்னனீரோ?"
"சொன்னனான். நாக்குக் குளறினது."
"பிறகென்ன. கொடுத்தது நீரில்லை."

எந்த நீர் என்று
அவர் விளக்கவில்லை.
நேசரத்தினம் அன்று இரவு முழுக்க
சுவரோடு சாய்ந்து அழுதாராம்.

போன மாதம் பேர்கனிலிருந்து 213 எழுதியிருந்தாள்.
அங்கே பஸ் ஓட்டுகிறாளாம்.
கலியாணத்துக்குச் சான்றிதழ் வேண்டும்,
"ஆலயத்தின் பெயர் தெளிவாக" என்று.

பாலம் என்றுதான் எழுதினேன்.
முத்திரை குத்தும்போது
மை கொஞ்சம் ஊறிப் பரவிவிட்டது.