ஜூலை பதினாலில் காற்று எப்படி?

பிப்ரவரி மாதத்துத் தாரிஃபாவில்
கடை திறப்பது வெறும் சம்பிரதாயம்.
பாதி ஏற்றிய ஷட்டருக்குக் கீழே
தவறாமல் உள்ளே வருவது மணல் ஒன்றுதான்.
வீட்டுப்பாடம் செய்யாத பிள்ளைகள்போல்
சுவரைப் பார்த்து நிற்கின்றன
அலைப் பலகைகள்.
பலகைக்கு மெழுகு வாங்க
விடியும் முன்னே காதிஸ் போய்விட்டார்
முதலாளி நிக்கானோர்.
மெழுகு ஒரு சாக்கு.

அப்போதுதான் அந்த போன்.

தெருவேலுக்கும் மேலே ஏதோ மலை ஊராம்.
பேர் அர்செனியோ கார்காயோ.
வயது ஐம்பத்திரண்டு.
சாலையில் பனி தள்ளும் வண்டி ஓட்டுகிறார்.
அது பின்வாங்குகிற பீப் பீப் சத்தத்தை மீறிக்
கத்துகிறார்:
"ஜூலை பதினாலு, செவ்வாய்க்கிழமை,
காற்று எப்படி?"

நாளைக் காலைக் காற்றுக்கே
நான் ஜாமீன் நின்றதில்லை.
கொண்டல் வந்தால் இங்கே
மூன்று நாள், இல்லை ஆறு,
இல்லையென்றால் ஒன்பது என்பார்கள்.
பத்தாம் நாளும் அடித்தால்
சொன்னவர்கள் கதவைச் சாத்திக்கொள்வார்கள்.

அவர் கட்டம் போட்டு வைத்திருக்கிறார்.
சாலைக்குத் தூவும் உப்பின்
கணக்கு நோட்டில், கடைசிப் பக்கத்தில்.
வாசிக்கிறார்:
திங்கள் எட்டு மணிக்குக் கயாக்.
பதினொன்றரைக்கு வாழைப்பழம்.
செவ்வாய் பாய்ப் பலகை.
புதன் முக்குளிப்பு.
வியாழன் பொலோனியா மணல்மேடு,
ஏறி இறங்குவது, இரண்டு தடவை.
வெள்ளி பட்டம் இழுக்கும் பலகை.
சனி திமிங்கலம்.

"திமிங்கலம் எத்தனை மணிக்கு?"
"பத்தேகால்," என்றார்,
கொஞ்சமும் சிரிக்காமல்.
"சாப்பாடு?"
"நின்றபடி."
"தூக்கம்?"
தாள் புரளும் சத்தம்.
"அதற்கும் ஒரு கட்டம் போடலாம்."

பட்டியலோடு வருகிறவர்கள் எனக்குப் பழக்கம்.
மூன்றாம் நாள் தோள்பட்டை உரிந்து
ரெமெதியோஸ் பாரின் நிழலில் கிடப்பார்கள்.
பியர் கோப்பைக்கு அடியில்
வட்டமாய் நனைந்திருக்கும் பட்டியல்.
அதையெல்லாம் சொல்லவில்லை.
ஒவ்வொன்றுக்கும் விலை சொன்னேன்.
ஒவ்வொன்றையும் திருப்பிச் சொல்லி எழுதிக்கொண்டார்,
மாவரைக்கக் கொடுத்துவிட்டு எடை பார்க்கிறவர் மாதிரி.

பீப் நின்றது.
யாரோ வண்டியை அணைத்திருக்க வேண்டும்.
"இன்னொன்று," என்றார்,
பாதியாய் இறங்கிய குரலில்.
"எனக்கு நீச்சல் தெரியாது."

நான் சிரிக்கவில்லை.
கையால் வாயைப் பொத்தியது
சிரிப்பில் சேராது.

"பத்தொன்பது குளிர்காலம்
டன் டன்னாய் உப்புத் தூவியிருக்கிறேன் பெண்ணே.
பூட்ஸில் உப்பு, ரொட்டியில் உப்பு, காதுக்குள் உப்பு.
கடலை மட்டும் பார்த்ததில்லை."

பிறகு ஏனய்யா முக்குளிப்பு,
பிறகு ஏன் பாய்ப் பலகை?

"மற்றதையெல்லாம் முதலில் கேட்டுவிட்டால்
கடைசியில் கேட்கிறது
சின்னதாகத் தெரியும் என்று நினைத்தேன்."

பதிவேட்டை என் பக்கம் இழுத்தேன்.
ஞாயிறு.
காலை ஏழு மணி.
தீவுப் பாலத்தருகே சின்னக் கடற்கரை.
ஆழம் இடுப்பளவு.
கட்டணம் என்ற இடத்தில் ஒரு கோடு.
நிக்கானோர் கேட்டால்
மெழுகு பற்றி நானும் கேட்பேன்.

"அந்த நேரத்தில் யார் இருப்பார்கள்?"
"நாயோடு மாத்தில்தே வருவாள்.
அவளுக்குக் கண்ணாடி இல்லாமல்
நாயே தெரியாது."

மூச்சு விடுவது கேட்டது,
ஆயிரம் கிலோமீட்டர் கம்பியிலோ காற்றிலோ.

"அப்படியானால் மீதியை அடித்துவிடவா?"
"ஐயோ வேண்டாம், இருக்கட்டும்.
முக்கியமாகத் திமிங்கலம்."

பாரத்தில் ஒரே ஒரு கட்டம் காலி.
"நீர் உடுப்புக்கு இடுப்பளவு என்ன?"
நெடிய யோசனை.
"வயிற்றை உள்ளே இழுத்தா, விட்டா?"
"விட்டு."
"அப்படியானால் ஜூலையில் சொல்கிறேன்,"
என்றார்.
மறுபடி பீப் பீப்.
அங்கே பனி கொட்டத் தொடங்கிவிட்டதாம்.
வைத்துவிட்டார்.