திறப்பு

பஸ் நிலையத்துக்கு எதிரே
ஒரு குடை, ஒரு மெசின், ஒரு ஸ்டூல்.
போன் இதை நிறுவனம் என்கிறது.
வெட்கமாய் இருந்தாலும் மறுக்கவில்லை.

போன மாதம் புதிதாய் ஒரு வசதி வந்தது,
சிறு கடைக்காரருக்காம்.
ஒரு படம் போட்டால் போதும்,
வந்துபோனவரின் கூட்டாளிகளுக்கும்
நாங்களே கொண்டுபோய்க் காட்டுவோம் என்றது.
காசில்லையாம்.
காசில்லாமல் இந்த ஊரில் சாப்பிடுவது
மான்கள் மட்டும்தான்,
அதுவும் வாழைப்பழத் தோல்.
சரி என்பதை அமத்திவிட்டேன்.

முதற்படம் ஒரு திறப்பு.
உப்புக்காற்றில் கறுத்த பழையதும்
பக்கத்தில் நான் வெட்டிய புதியதும்.
பித்தளை மின்னிய மின்னலில்
பின்னால் விழுந்திருந்த மானின் காதை
யாரும் கவனிக்கவில்லை.
நூற்றுப் பதினேழு விருப்பம்.
சீனன்குடாவிலிருந்து ஒரு கராஜ்காரர் விலை கேட்டார்.
அன்றிரவு பாண் ஒரு கையில்,
போன் மறு கையில்,
கறி ஆறிப்போனது.

நாலாம் நாள் சுஹைறா வந்தார்.
ஆஸ்பத்திரித் தாதி,
இரவு வேலை முடிந்த கண்கள்.
ஸ்டூலைக் காட்டினேன், இருக்கவில்லை.
"இது என்ட திறப்புத்தானே?"
படத்திலும் நீல நூல்.
அவர் கையிலும் அதே நூல்.

படத்தின் கீழே அவருடைய பெயர்.
சத்தியமாய் நான் எழுதவில்லை.
வேலை முடிந்ததா என்று அவர் அனுப்பிய
ஒற்றைச் செய்தியின் நம்பரைப் பிடித்து
போனே தேடி, போனே கொழுவி,
அவருடைய வார்ட்டுக்கும்
அவர் சொல்லாமல் விட்டுவந்த ஒரு வீட்டுக்கும்
கொண்டுபோய்க் காட்டியிருக்கிறது.
உவர்மலை வாடிக்கையாளருக்காக
என்ற வரியை மட்டும்
நான்தான் எழுதினேன்.
பெருமைக்கு.

முப்பத்தொரு வருசம் இந்த வேலை.
பிரிந்த புருசனும் பெண்சாதியும்
வேறு வேறு நாளில் வந்து
ஒரே அலுமாரிக்குக் கேட்டிருக்கிறார்கள்.
கோயில் உண்டியலுக்கு வெட்டியிருக்கிறேன்.
ஒன்றுக்கும் மிச்சப் பிரதி வைத்ததில்லை.
விழுந்த தூளைக்கூட ஊதிவிடுவேன்.
அது யாருடையது என்று எவனாவது கேட்டால்
எனக்கு அந்த நேரம் காது கேட்காது.

அப்படிப்பட்ட நான்தான்
வெயில் சரியும்வரை காத்திருந்து
நிழல் விழாமல் படமெடுத்தேன்.
திறப்பை வெட்டத் திறப்புத் தேவையில்லை.
ஐந்து பல்லின் உயரம் தெரிந்தால் போதும்.
இந்தப் படம் போதும்.
எனக்கே போதும்.

அழிக்கிற இடம்
ஆறு கதவு தாண்டி ஏழாவதற்குள் இருந்தது.
உறுதியாகத்தானா என்று கேட்டது.
போடும்போது கேட்காத கேள்வி.
அழிந்தது.
நாற்பத்தொருவர் ஏற்கெனவே பகிர்ந்துவிட்டார்கள் என்று
அதுவே பிறகு சொன்னது,
வாழ்த்துப் போல.

குடையைச் சுருக்கினேன்.
மெசினைத் தேத்தண்ணிக் கடையில் வைத்துவிட்டு
ஓட்டோ பிடித்து ஏற்றம் ஏறினோம்.
அவர் முன்சீற்றைப் பார்க்காமல்
வெளியே பார்த்துக்கொண்டு வந்தார்.
நானும் பேச்சுக் கொடுக்கவில்லை.

பூட்டின் குடலை உருவிப்
புதியது வைக்க இருபது நிமிடம்.
காசு நீட்டினார், வாங்கவில்லை.
திறப்பு இரண்டையும் பொதி பிரிக்காமலே கொடுத்தேன்,
என் கண்ணும் அந்தப் பற்களில் படாமல்.
கதவு பாதி திறந்துதான் இருந்தது.
உள்ளே என்ன இருந்தது என்று
இங்கே எழுதமாட்டேன்.

இறங்கி வரும்போது சட்டைப்பை அதிர்ந்தது.
புதிய இடத்தில் நிற்கிறீர்களே,
நண்பர்களுக்குச் சொல்லட்டுமா என்றது.

நான் பற்குணம்.
அது உண்மை, பலகையிலும் இருக்கிறது.
சுஹைறா என்று சொன்னேனே,
அது அவர் பெயரில்லை.
நூலும் நீலமில்லை.
ஏறியதும்
அந்த ஏற்றமில்லை.