நாற்பது கிராம்

ஒத்தக்கடை எடைமேடையில்
பதினேழு வருஷமாக எடை போடுகிறேன்.
கல் லாரி, நெல் லாரி, பழைய இரும்பு.
பார வண்டியில் காலி வண்டியைக் கழித்தால்
மிஞ்சுவது சரக்கு.
பத்துக் கிலோவுக்குக் கீழே
என் மேடைக்குக் கண் தெரியாது.
டிரைவர் இறங்கிப்போய் ஒண்ணுக்கு இருந்துவிட்டு வந்தாலும்
அதே எண்தான் காட்டும்.

பெரியாஸ்பத்திரியில் சீட்டு எழுதிக் கொடுத்தார்கள்:
காலையில் ஓட்ஸ், நாற்பது கிராம்.
"எத்தனை கரண்டிங்க அது?"
அதற்குள் அடுத்த டோக்கனைக் கூப்பிட்டாயிற்று.

பாக்கெட்டின் முதுகில் 'அரைக் கப்' என்றிருந்தது.
எந்தக் கப்?
வீட்டில் இருப்பது ஓர் ஆழாக்கு,
கல்யாணத்துக்கு வந்த டம்ளர்கள்
ஒன்றுக்குள் ஒன்று இறங்காதவை,
இருமல் மருந்தோடு வந்த
எண் அழிந்த மூடி.

அரிசி என்றால் ஆழாக்கில்
தன் கனத்தில் தானே உட்கார்ந்துகொள்ளும்.
ஓட்ஸ் உட்காராது.
ஒன்றன் தோளில் ஒன்று சாய்ந்து
நடுவில் காற்றுக்கு இடம் பிடித்து வைத்திருக்கும்.
ஒரு தட்டு தட்டினால் ஒரு விரல் இறங்கும்,
இன்னொரு தட்டுக்கு அரை விரல்.
தலைதட்டியா, கோபுரமாகவா, குலுக்கியா?
சீட்டில் அது இல்லை.

குத்துமதிப்பாகவே மூன்று வாரம் குடித்தேன்.
பாக்கெட்டின் மேல்பாதியில்
சர்க்கரை நூற்று முப்பது.
அடியில் தூள் தட்டிய நாட்களில் நூற்றெழுபது.
டம்ளர் என்னவோ அதே டம்ளர்தான்.

"நாப்பது கிராம்னா அஞ்சு பவுனு"
என்றாள் ரெஜினா,
பாத்திரம் விளக்கிக்கொண்டே, திரும்பாமல்.

ஐயெட்டு நாற்பது.
எனக்கு ஏன் தோன்றவில்லை?
மகன் பாலிடெக்னிக்கில் சேர்ந்த ஜூனில்
அவள் கழுத்திலிருந்து இறங்கியதும் அஞ்சு பவுன்.

வட்டி கட்டும் நாளில்
பாக்கெட்டும் டம்ளருமாக அடகுக்கடைக்குப் போனேன்.
அடித்தூளையும் தனியாக மடித்து எடுத்துக்கொண்டேன்.
"இதையும் வைக்கப் போறீகளாண்ணே?"
தனபாண்டி சிரித்தான்.
சிரித்தவனே கண்ணாடிப் பெட்டியைத் திறந்து
தராசுத் தட்டைத் துடைத்துக் கொடுத்தான்.
ஃபேனை நிறுத்தினான்.
நகைக்குக்கூட அவன் நிறுத்தியதில்லை.

தாள் விரித்து, பூஜ்யத்துக்குக் கொண்டுவந்து, கொட்டினேன்.
முப்பத்தொன்று. இன்னும் கொஞ்சம்.
முப்பத்தெட்டு. ஒரு சிட்டிகை, அதில் பாதியை எடு.
நாற்பது புள்ளி பூஜ்யம் பூஜ்யம்.
தட்டு தெரியவில்லை, அவ்வளவு குவியல்.

போன வருஷம் இதே தட்டில்
இதே எண்ணுக்கு
அவள் சங்கிலி ஓர் ஓரமாக
மரவட்டை போலச் சுருண்டு கிடந்தது.
தனபாண்டி கையை மூடியதும்
உள்ளே ஏதாவது இருக்கிறதா என்றே
சந்தேகமாக இருந்தது.

டம்ளரில் ஆணியால் ஒரு கீறல்.
தூளுக்கு, அதற்கும் கீழே இன்னொன்று.
வட்டி நானூற்று எண்பது.
தராசுக்குக் காசு வாங்கவில்லை.

சாயங்காலம் ரெஜினா
கீறல் வரை நிரப்பிய டம்ளரை
கையில் ஏந்தி ஏற்றி இறக்கிப் பார்த்தாள்.
இந்தக் கைக்கு மாற்றினாள்,
அந்தக் கைக்கு மாற்றினாள்.

"இல்ல. அது இதவிடக் கனம்."

பதினேழு வருஷமாக எடை போடுகிறவன் நான்.
மறுத்துப் பேசவில்லை.