முறிமுகம்

குருநகர் ஐஸ் ஆலையின் சுழல்தண்டு
இரண்டு துண்டாய் என் மேசையில்.
சுற்றிவந்த பழைய பேப்பரில்
மீன்செதில் ஒன்று ஒட்டியிருந்தது.

"றெஜினோல்ட் எண்ட பெடியன்தான்.
இரவு பாரத்தைக் கூட்டிப்போட்டு
ஒரே இழுவையில உடைச்சவன்.
அப்பிடியே எழுதித் தாங்கோ மிஸ்"
என்றார் முதலாளி சூசைநாதர்.

எழுத முதல் பார்க்க வேணும்.
மண்ணெண்ணெயில் கழுவி
விளக்கைச் சரித்துப் பிடித்தேன்.

ஒரே இழுவையில் போன வார்ப்பிரும்பு
முகம் முழுக்கச் சொரசொரக்கும்,
உடைத்த கற்கண்டு மாதிரி.
இதில் அந்தச் சொரசொரப்பு
மூலையில் ஒரு விரலகலம்.
மிச்சமெல்லாம் வழுவழுப்பு,
வழுவழுப்பில் வரிகள்,
வற்று நேரம் பண்ணைக் கடல்
சேற்றில் விட்டுப்போகும் வரிகள்.
அவற்றின் வழியே பின்னால் போனால்
ஓரத்தில் ஒரு துளை, அரைக் கடுகளவு:
வார்த்த அன்று உருகிய இரும்பு
சுருங்கிக்கொண்ட இடம்.

பதத்தில் பிழையில்லை.
தொளாயிரம் பாகையில் ஊறி
உப்புக் குளியலில்
(ஆனையிறவு உப்பல்ல, இது வேறு)
முந்நூற்றைம்பதில் ஒன்றரை மணிநேரம்
பொறுத்திருந்த இரும்பு.
நுணுக்குக்காட்டியில் கரியெல்லாம்
உருண்டை உருண்டையாய், ஒழுங்காய்.
தட்டினால் கிண்ணென்கிறது, துண்டான பிறகும்.

ஒவ்வொரு வரியும்
ஆலை நின்று மறுபடி எழும்பிய ஒரு நாள்.
ஊசிமுனை வைத்து எண்ணினேன்.
நூற்றுப் பதினாலில் கணக்குத் தப்பியது,
இன்னும் பாதி கிடந்தது.

"றெஜினோல்ட் எப்ப சேர்ந்தவர்?"
"போன மாசம். ஐஞ்சு கிழமை இருக்கும்."

பின்னறையில் அதே வார்ப்பின் கோல்கள்
பாரம் தொங்கச் சுழல்கின்றன.
ஒன்று ஒன்பது லட்சத்தில் போனது.
ஒன்று இருபத்துமூன்றில்,
நான் தேத்தண்ணி குடிக்கப் போன நேரம்.
ஒரு கோடி சுற்றியும் முறியாததை
நிறுத்திக் கழற்றி
வரைபடத்தில் புள்ளிக்குப் பக்கத்தில்
ஒரு அம்புக்குறி போட்டேன்.
அம்புக்குறி என்றால்
இனித் தெரியாது என்று பொருள்.

அறிக்கையை வாங்கிக் கடைசி வரியை
வாய்விட்டு வாசித்தார் சூசைநாதர்.
"காரணம்: களைப்பு."

கண்ணாடியைக் கழற்றினார்.
"களைப்போ? ஆருக்கு?"

"தண்டுக்கு" என்றேன்.

கேற்றடியில் சைக்கிளைப் பிடித்தபடி
நின்றுகொண்டே தூங்கினான் ஒரு பெடியன்.
அவன்தான் துண்டுகளைக்
கரியரில் கட்டிக்கொண்டு வந்தவனாம்.