விலாசம் தானாகக் கிடைக்கும்

கிளைபேடாவில் பிப்ரவரி. இரவுப் பணி.
துறைமுகத்துப் பளுதூக்கிகள் மேல் உறைபனி.
காதில் மாட்டிய கருவியில் பதினேழாவது அழைப்பு:
ஸ்கைஸ்தே. நான்காம் மாடி. புதுச் சந்தாதாரர், இரண்டு வாரம்.
"வைஃபை இருக்கிறது. இன்டர்நெட் இல்லை," என்றார்,
அடுப்பு இருக்கிறது, நெருப்பு இல்லை என்பதுபோல.

என் முன்னால் ஒரு தாள் ஒட்டியிருக்கிறது.
அதன்படிதான் பேச வேண்டும்.
ரவுட்டரை அணைக்கச் சொன்னேன். முப்பது எண்ணச் சொன்னேன்.
வாய்விட்டு எண்ணினார்.
பதினெட்டில் எங்கோ கெண்டி சீழ்க்கையடித்தது.
இருபத்தாறில் எதையோ நினைத்துக்கொண்டு நின்று
மறுபடி இருபத்தைந்திலிருந்து ஆரம்பித்தார்.

விளக்குகள் பச்சை.
கைபேசியில் வருகிறது.
மேல்மாடிப் பையன் படம் பார்க்கும் சத்தம்கூடக் கேட்கிறதாம்.
மடிக்கணினியில் மட்டும்
அலைக்குறியின் ஓரத்தில் சின்ன மஞ்சள் முக்கோணம்,
உள்ளே ஓர் ஆச்சரியக்குறி.
எதைக் கண்டு ஆச்சரியம் என்று அது சொல்வதில்லை.

"பன்னிரண்டுக்குள் அனுப்பியாக வேண்டும்."
காயலின் குளிர்காலப் பறவைக் கணக்கு:
பொன்கண் வாத்து எத்தனை,
பனிக்கட்டி விளிம்பில் அன்னம் எத்தனை.
அப்போது மணி பதினொன்று இருபது.

தாளைத் திருப்பிப் போட்டேன்.
கருப்புத் திரையைத் திறக்கவைத்தேன்.
முதலில் அது தன்னையே கூப்பிட்டுப் பார்க்கட்டும்:
நூற்றிருபத்தேழு, புள்ளி, சைபர், புள்ளி, சைபர், புள்ளி, ஒன்று.
கூப்பிட்ட குரலுக்கு உடனே ஏன் என்றது,
ஒரு மில்லி நொடிகூட ஆகவில்லை.
தனக்குத்தானே பேசிக்கொள்வதில் அதற்கு ஒரு குறையும் இல்லை.

அடுத்து ரவுட்டரைக் கூப்பிடச் சொன்னேன்.
அதே மேசைமேல், கைக்கெட்டும் தூரத்தில், பச்சை விளக்கோடு.
பதில் இல்லை.
பதில் இல்லை.
பதில் இல்லை.
நான்காவதை அவர் வாசிக்கவில்லை.

"கணினி தன் விலாசம் என்னவென்று சொல்கிறது?"
பத்து, புள்ளி, சைபர், புள்ளி, சைபர், புள்ளி…
அங்கே நிறுத்தினார்.
பிறகு, என்னிடம் அல்லாமல், "இருபத்து மூன்று."

நிதாவில், மணல்மேட்டை ஒட்டிய வீட்டில்,
லைமோனாஸ் எல்லாவற்றுக்கும் எண் கொடுத்திருந்தாராம்.
பிரிண்டர் இருபது, தொலைக்காட்சி இருபத்தொன்று,
லைமோனாஸ் இருபத்திரண்டு.
குளிர்பெட்டிக் கதவில் பட்டியல் ஒட்டியிருந்ததாம்.
"யாரும் யாரோடும் மோதிக்கொள்ளக் கூடாதே, அதற்காக."
சொல்லிவிட்டு ஒரு சத்தம். சிரிப்பா என்று தெரியவில்லை.

விஷயம் இவ்வளவுதான்:
படகேறி இக்கரை வந்த பெட்டி
அந்த வீட்டு விலாசத்தைச் சொல்லிக்கொண்டே
இந்த வீட்டுக் கதவைத் தட்டுகிறது.
இங்கே அப்படி ஒரு தெருவே இல்லை.

இரண்டு வரி தெரியும், என்றேன்.
'கீழ்க்கண்ட விலாசத்தைப் பயன்படுத்து': அதில் புள்ளி இருக்கும்.
அதற்கு மேலே, 'விலாசம் தானாகக் கிடைக்கும்.'
அதைத் தொடுங்கள்.

விசைச் சத்தம் வரவில்லை.
பதினொன்று முப்பத்தெட்டு.

"மாற்றினால் பழையது அழிந்துவிடுமா?"
ஆமாம். வேண்டுமானால் எழுதிவைத்துக்கொள்ளுங்கள்.
"பறவைக் காலில் மாட்டிய வளையத்தை நாங்கள் கழற்றுவதில்லை," என்றார்.
"செத்த பிறகுதான் எண் திரும்பி வரும், வந்தால்."
தாளின் இரண்டு பக்கத்திலும் இதற்குப் பதில் இல்லை.
பேசாமல் இருந்தேன்.
பென்சில் உரசும் சத்தம்.
பிறகு ஒரு கிளிக்.

ரவுட்டர் அவருக்குக் கொடுத்தது நூற்று நான்கு.
யாரும் யோசித்துத் தேர்ந்தெடுக்காத எண்;
நாளை வேறாகவும் இருக்கலாம்.

முக்கோணம் போனதை அவர் சொல்லவில்லை.
இரண்டு வாரத்து அஞ்சல்கள் ஒன்றன்மேல் ஒன்றாக
வந்து விழும் மணியோசைதான் சொன்னது.
நன்றி சொல்ல மறந்து, தொலைபேசியை வைக்கவும் மறந்து,
"பொன்கண், நானூற்றுப் பன்னிரண்டு" என்று முணுமுணுத்தபடி
தட்டிக்கொண்டிருந்தார்.
நான்தான் வைத்தேன்.

படிவம் காரணம் கேட்டது.
சாதனக் கோளாறு, கம்பிக் கோளாறு, வானிலை, கட்டணப் பாக்கி.
'மற்றவை' என்று போட்டேன்.

காலையில் அவர் தந்த மதிப்பெண் வந்திருந்தது.
ஐந்துக்கு நான்கு.
குறிப்பு: முப்பது வரை எண்ணவைத்தது தேவையில்லை.