இருநூற்றுப் பதினேழாவது வாய்க்கால்

அம்பத்தூர் எஸ்டேட், இரண்டாவது மெயின் ரோடு.
வெளியே கத்திரி வெயில். உள்ளே ஏ.சி.
அது ஓடுவது தாமிரத்துக்காக,
எங்களுக்காக என்று யாரும் நினைத்ததில்லை.

மேஜையில் கவிழ்ந்திருக்கிறது
புது அண்டா நிறத்தில் ஓர் எஞ்சினின் உட்சுவர்.
இடுப்பு சிறுத்து, அடி விரிந்து.
அதன் முதுகெங்கும் முந்நூற்று அறுபது வாய்க்கால்,
ஒவ்வொன்றும் ஓர் அரிசி நுழையும் அகலம்.
ஒவ்வொன்றிலும் தண்ணீர் விட்டு
குடுவை நிறையும் நேரத்தைக் குறிப்பது
என் வேலை.

"உள்ளே மூவாயிரம் டிகிரி" என்றார் தணிகாசலம்,
நான் சேர்ந்த முதல் நாள்.
"தாமிரம் ஆயிரத்து எண்பத்தஞ்சுலயே உருகிடும்."
அப்புறம் எப்படி சார் என்று கேட்பதற்குள்
டீக்கடைக்குப் போய்விட்டார்.
வரைபடத்தைப் புரட்டி நானே தெரிந்துகொண்டேன்.

எரியப்போகிற மண்ணெண்ணெய்தான்
முதலில் சுவருக்குள் ஓடுகிறது.
கீழ் விளிம்பில் நுழைந்து
சூட்டையெல்லாம் வாங்கிக்கொண்டு மேலேறி
தலைவழியே உள்ளே குதித்துப்
பற்றிக்கொள்கிறது.
குளிர்விப்பதும் அதுவே, கொளுத்துவதும் அதுவே.
இதில் நம்பமுடியாதது ஒன்றுமில்லை.
காலையில் தோளைத் தட்டி
மாலையில் மெமோ நீட்டுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன்.

அதுவும் போதாதாம்.
ஓரத்துத் துளைகள் கொஞ்சம் எண்ணெயைச்
சுவரோடு ஒட்டிப் படலமாய் வழியவிடுகின்றன.
அது முழுதாக எரியாது, உந்தவும் உதவாது.
வீணாவதுதான் அதன் உத்தியோகம்.

வெளிப்பக்கம் ஜெசிந்தாவின் பொறுப்பு.
கீழிருந்து திரும்பி வீசும் அனலுக்குச்
சிலிக்கா துணியில் போர்வை தைக்கிறாள்,
பறக்கும்போது எஞ்சின் கழுத்தைத் திருப்பினாலும்
தையல் விடாதபடி மடிப்பு வைத்து.
முன்பு தாம்பரத்தில் எக்ஸ்போர்ட் நைட்டி தைத்தவள்.
"அளவெடுக்கும்போது மூச்சை இழுத்துப் பிடிக்காத
ஒரே இடுப்பு இதுதான்" என்பாள்.

செவ்வாய்க்கிழமை, இருநூற்றுப் பதினேழு.
மற்றவை நாற்பது விநாடியில் நிரப்பிய குடுவையை
இது ஐம்பத்து மூன்றில் நிரப்பியது.
கடிகாரத்தைப் பார்க்கும் முன்பே காது சொல்லிவிட்டது.
கொரட்டூரில் எங்கள் தெருவின் கடைசி வீடு என்னுடையது,
மெட்ரோ தண்ணீர் நூலாய் இளைத்து வந்துசேரும் இடம்.
அந்தச் சத்தம் எனக்குத் தூக்கத்திலும் தெரியும்.

மறுபடி விட்டேன். ஐம்பத்து மூன்று.
மறுபடி.
வெள்ளிக்கிழமை அனுப்பியாக வேண்டும்.
எல்லோரும் என்னைப் பார்க்காமல் என்னைப் பார்த்தார்கள்.

ஒரு வாய்க்கால் தூர்ந்தால்
அந்தக் கோடு மட்டும் சிவக்கும்.
பிறகு வெளுக்கும்.
பிறகு அங்கே சுவர் இருக்காது.
மற்ற முந்நூற்று ஐம்பத்தொன்பதும் ஒழுங்காக ஓடின என்பது
விசாரணை அறிக்கையில் ஒரு வரியாக வரும்.

ஊசிமுனைக் கேமராவை உள்ளே விட்டோம்.
சிறுத்த இடுப்பின் வளைவில்
கடைசல் விட்டுப்போன தாமிரச் சுருள் ஒன்று,
கண் இமை முடி அளவு,
மினுக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தது.
எடுக்க இரண்டு நாள். வெள்ளி ஞாயிறாகிவிட்டது.
தணிகாசலம் எதுவும் சொல்லவில்லை,
எனக்கும் சேர்த்து ஒரு டீ வந்தது.

ஏவிய அன்று மாலை நான் மொட்டை மாடியில்.
வடக்கே முழுக்க மேகம்.
நூற்று ஐம்பது விநாடி எரிய வேண்டும்.
ஒன்றிலிருந்து எண்ணத் தொடங்கினேன்.
மேகத்தின் உட்புறம் ஒருமுறை மஞ்சளாகி அணைந்தது,
மின்னலாகவும் இருக்கலாம்.
நூற்று முப்பதோ, முப்பத்தொன்றோ,
கீழ்வீட்டில் யாரோ மோட்டார் போட்டார்கள்.
தொட்டியில் தண்ணீர் விழும் சத்தம்,
கனமாக, முழுதாக.
எண்ணிக்கை விட்டுப்போயிற்று.