ஏழாவது தீர்மானம்

வால்திவியாவில் மழை நிற்பதில்லை,
கொஞ்சம் மூச்சு வாங்கும்.
அப்படி மூச்சு வாங்கிய ஒரு ஜூன் இரவு.
உயிரியல் துறை வாசலை அடைத்து
நாற்காலிகள் கால் மேலே கால் போட்டுக் கிடந்தன.
மாணவர் முற்றுகையின் இருபத்தாறாம் நாள்.

யாஸ்னாவும் கை தூக்கியவள்தான்.
கட்டண உயர்வை, ஒழுகும் கூரையை,
ஆறு பேருக்கு ஒரு நுண்ணோக்கி என்பதை
மேசைமேல் ஏறி நின்று கேட்டவள்.
அதே வாயால் இப்போது
"ஈக்களுக்குத் தீனி மாற்றணும்" என்று சொல்ல
நாக்கு புரளவில்லை.

சங்கிலிச் சாவியோடு வாசலில் எலியாஸ் கின்தூல்,
ஆய்வகத்தில் அவளுக்குப் பக்கத்து முக்காலி.
"ஒருத்தரும் உள்ளே போகக்கூடாது.
நாமே போட்ட தீர்மானம்."
"ஈக்கள் போடவில்லையே."

அவன் சிரிக்கவில்லை.
கதவடைப்புக்கு முந்தைய நாள்
பதினான்கு குப்பிகளில் ஜோடி சேர்த்தது
அவன் கைத் தூரிகை.
குட்டைச் சிறகும் முழுச் சிறகும் கலந்தால்
முதல் தலைமுறையில் குறை ஒளிந்துகொள்ளும்,
எல்லாம் பறக்கும்.
அடுத்த தலைமுறையில்
நாலில் ஒன்று நடந்துதான் வரும்.
ஏழாம் நாள் பெற்றோரை எடுத்துவிட வேண்டும்.
ஏழாம் நாள் அவன்
தெருவில் டயர் உருட்டிக்கொண்டிருந்தான்.

நள்ளிரவுக் கூட்டம்.
ஆறாவது தீர்மானம்: சமையல் எரிவாயு.
ஏழாவது: ஈக்கள்.

"குளிரில் நாம் நடுங்கும்போது பூச்சிக்கு என்ன சலுகை?"
"உள்ளே போனால் வகுப்பு நடந்ததாகச் சொல்வார்கள்."
மூலையிலிருந்து முதலாமாண்டுப் பெண் ஒருத்தி,
கம்பளிக் குல்லாய்க்குள்ளிருந்து:
"அதுங்க எந்தப் பக்கம்னு யாராவது கேட்டீங்களா?"

இதைத் தமிழில் எழுதும்போதுதான் கவனிக்கிறேன்:
ஈ என்றாலும் ஈதான்,
கொடு என்றாலும் ஈதான்.
அவர்கள் மொழியில் அது வெறும் மோஸ்கா.
ஆனாலும் கைகள் எழுந்தன.
ஆதரவு முப்பத்துமூன்று. எதிர்ப்பு பதினொன்று.

யாஸ்னா வாய் பொத்திச் சிரித்தாள்.
மூன்றுக்கு ஒன்று.
இவ்வளவு சுத்தமாக அது
எந்தக் குப்பியிலும் வந்ததில்லை.

உள்ளே வெப்பப்பெட்டி அணைந்து வெகுநாள்.
டார்ச் வெளிச்சத்தில்
சோளமாவுக் களி பழுப்பாய் இளகி
புளித்த ஆப்பிள் மதுவின் வாடை வீசியது.
குளிரில் நிதானமாக வளர்ந்திருந்தார்கள்;
கண்ணாடிச் சுவரெங்கும் கூட்டுப்புழுக்கள்,
அரிசியைத் தூவி ஒட்டியதுபோல.
பறக்கத் தெரிந்தவை மேலே, பஞ்சடைப்பில் முட்டிக்கொண்டு.
நடக்க மட்டும் தெரிந்தவை
களியில் கால் புதைந்து,
பலவும் புதைந்தபடியே.

ஈதர் சொட்டு. வெள்ளைத் தாள். தூரிகை.
அவன் கோடு போட, அவள் பிரிக்க,
எங்கோ கூரை ஒழுக.
விடியும்போது கணக்கு:
சிறகுள்ளவை இருநூற்றுப் பன்னிரண்டு,
இல்லாதவை முப்பத்தெட்டு.
"தப்பு" என்றான்.
"தப்பில்லை. இதுதான் இருக்கிறது."
உயிரோடு இருந்தவற்றைப் புதுக் குப்பிக்கு மாற்றினார்கள்,
கையிருப்பின் கடைசிப் பிடி ஈஸ்ட் தூவி.

மறுவாரம் அதிகாலை
தண்ணீர் பீய்ச்சும் வண்டியோடு போலீஸ் வந்தது.
நாற்காலிகள் எல்லாம் நேராக நிமிர்த்தப்பட்டன.
ஆகஸ்டில் வகுப்பு தொடங்கியபோது
பேராசிரியை ஓயார்ஸூன் கேட்டது ஒன்றே ஒன்று:
அறிக்கை எங்கே?

எதிர்பார்த்த விகிதம்: 3 : 1.
கிடைத்தது: ஐந்தரைக்கு ஒன்று.
விலகலுக்கான காரணம் என்ற கட்டத்தில்
யாஸ்னாவின் சாய்ந்த கையெழுத்து:

அ) குளிர், நெரிசல்.
ஆ) உரிய நாளில் பெற்றோர் அகற்றப்படவில்லை.
இ) நாங்கள் அகற்றப்பட்டோம்.

மூன்றாவதைச் சிவப்பு மையால் வட்டமிட்டு
பக்கத்தில் ஒரு கேள்விக்குறி.
மதிப்பெண் குறைக்கவில்லை.
பதினான்காம் குப்பியில்
சிறகில்லாத ஒன்று
கண்ணாடியில் ஏறிக்கொண்டிருக்கிறது,
வழுக்கி,
மறுபடி.